கெங்கம்மாவுக்கு ஒரு கற்பூரம்

ஆந்திரப் பக்கம் பேய்மழை, இங்கே விடாத தூறல். பாலாற்றில் வெள்ளம் வந்துகொண்டிருக்கிறதென்று ஆம்பூர் முழுக்க ஒரே பேச்சு. ஆற்றோரத் தகரக் குடிசைகளைக் காலி செய்யவைக்கும் வேலை சோபனா தலையில் விழுந்தது. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவள். லீவு நாளெல்லாம் இந்த ஜனங்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவள். மேட்டில் இடம் கேட்டுக் கேட்டு அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஆற்றுக்குள் குடியிருக்க மட்டும் எந்த மகராசனும் தடை சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். முட்டிவலிக்காரி வள்ளியம்மாளைக்கூட ஆட்டோவில் ஏற்றி அனுப்பியாயிற்று. அவள் புருஷன் கன்னியப்பன் மட்டும் பாக்கி.

திருப்பத்தூர்ப் பக்கம் கடலை போட்டுப் பிழைத்த மனுஷன். மழை வருஷா வருஷம் கைவிரிக்க, கிணறு வறண்டு, போர் போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் பறந்தது. நிலத்தைப் போட்டுவிட்டு இங்கே வந்து தோல் பதனிடும் ஷாப்பில் மூட்டை தூக்குகிறார். தண்ணீர் இல்லாமல் ஊரை விட்டவரைத்தான் இப்போது தண்ணீர் வந்து துரத்துகிறது.

அவர் வெற்றிலையில் மஞ்சளும் கற்பூரமும் வைத்துக்கொண்டு கரையில் நின்றார்.

"இன்னா பெரியப்பா பண்றீங்க? வாங்க போலாம்."

"ஆத்துல கெங்கம்மா தாயி வர்றாம்மா. இத்தினி வருசம் கூப்ட்டும் வராதவ. இப்ப மூஞ்சி காட்டாம ஓடுனா கோச்சிக்க மாட்டாளா? என் தீப்பெட்டி நனைஞ்சி போச்சி. ஒன்னு இருந்தா குடு."

சோபனாவுக்கு வாய் வரை திட்டு வந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. அவர் வீட்டிலிருந்து கட்டிவைத்த சாமான் மூட்டைக்குள் தேடி ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"சட்டுனு வந்துடுங்க," என்று சொல்லி மேட்டில் ஏறி நின்றாள்.

அதுவும் ஈரப் பெட்டி. ஒரு குச்சி உரசினார், பற்றவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. நுரை தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வந்து அவர் காலைத் தொட்டது. குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துச் சிரித்தார். மறுபடி குச்சியை எடுத்தார்.

"போதும், வந்துடுங்க பெரியப்பா!"

"இதோ ஆச்சிம்மா."

பின்னாலேயே ஆறு முழுசாக வந்தது. அவர் நின்ற கரை அப்படியே சரிந்தது. சோபனா கத்திய கத்தல் அவள் காதுக்கே கேட்கவில்லை.

மறுநாள் உடல் கிடைத்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் வள்ளியம்மாள் அழக்கூட இல்லை. நடந்ததைச் சொன்ன சோபனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"கற்பூரம் எரிஞ்சிதாம்மா?"

"எரிஞ்சிது பெரிம்மா. நல்லா எரிஞ்சிது."

"அப்ப கெங்கம்மா அவர கோவத்துல எடுத்துக்கல," என்றாள் வள்ளியம்மாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.