கியோட்டோ, டோக்கியோ, ராகு காலம்

நிச்சயதார்த்தப் பலகாரம் ஊசிப்போவதற்குள் மாப்பிள்ளை வேறொரு வீட்டில் மோதிரம் மாற்றினால் பெண் வீட்டாருக்கு எப்படி இருக்கும்? வீடியோ கேம் உலகத்தில் 1991ஆம் ஆண்டு அதுதான் நடந்தது. கார்ட்ரிட்ஜ் விற்றுக் கொழித்த கியோட்டோ கம்பனியும், சிடி செய்யத் தெரிந்த டோக்கியோ கம்பனியும் கூட்டாக ஒரு கருவி செய்வதாகப் பேச்சு. சிக்காகோக் கண்காட்சியில் டோக்கியோக்காரர்கள் பெருமையாக அதை ஊருக்கு அறிவித்தார்கள். மறுநாள் காலை அதே கண்காட்சியில் கியோட்டோக்காரர்கள் எழுந்து, தாங்கள் ஓர் ஒல்லாந்துக் கம்பனியுடன் சேரப்போவதாகச் சொன்னார்கள். அவமானப்பட்ட டோக்கியோக்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தனியாகவே ஒரு சாம்பல் நிறப் பெட்டியைச் செய்து, கியோட்டோக்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டார்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் வினுஷாவுக்குக் கோபம் வந்துவிடும். அவள் பிறப்பதற்கு முன்னர் நடந்த கதை. அவளுக்கும் ஜப்பானுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனாலும் டோக்கியோக்காரர்களை அப்படி நடுத்தெருவில் விட்டது அநியாயம் என்பாள். அவளுடைய தோழி ப்ரீத்தி விடமாட்டாள். சிடியில் வரும் விளையாட்டுகளின் உரிமை முழுவதும் டோக்கியோவுக்கு என்று அந்த ஒப்பந்தத்தில் இருந்ததே, குசினிச் சாவியை விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரன் பட்டினி கிடப்பதா என்று கேட்பாள். சமையலறைக்குக் "குசினி" என்ற சொல்லை அவள் வினுஷாவிடமிருந்துதான் தொற்றிக்கொண்டாள். அவளுடைய ஊரான கோயம்புத்தூரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சண்டை பிடித்துப் பிடித்தே இருவரும் ஒரு விளையாட்டைச் செய்துவிட்டார்கள். பெயர் "சம்பந்தம்". விளையாடுகிறவர் 1991இல் ஏதாவதொரு கம்பனியின் மனேஜர். யாரோடு சேர்வது, யாரைக் கழற்றிவிடுவது என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும். அந்த முடிவுப்படி சரித்திரம் மாறிக்கொண்டே போகும். கியோட்டோவும் டோக்கியோவும் பிரியாமலே இருந்தால் சாம்பல் பெட்டி பிறக்காது. அதைப் பார்த்துப் பயந்து களத்தில் குதித்த அமெரிக்கக் கம்பனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. உண்மைப் பெயர்களைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று ஊர்ப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வினுஷா சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவள். ப்ரீத்தி பரமட்டாவில் ஒரு விளம்பரக் கம்பனியில் படம் வரைபவள். மூன்று வருடமாகச் சனி, ஞாயிறு எல்லாம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடையில், மூலை மேசையில், இரண்டு மடிக்கணினிகளோடு போயிற்று. கடைக்காரர் கடைசியில் அவர்களுக்கென்றே அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பொயின்ட் போட்டுக்கொடுத்தார். மெல்பேர்னில் அம்மா அப்பாவை விட்டு வேலைக்காகச் சிட்னிக்கு வந்த வினுஷாவுக்கு, அந்த நகரம் சொந்த ஊர் மாதிரி ஆனது ப்ரீத்தியால்தான். அதை அவள் ப்ரீத்தியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவள் தலைமேல் ஏறிக்கொள்வாள்.

விளையாட்டில் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் பிணக்கு தீரவில்லை. கியோட்டோவின் அறிவிப்பு வெளிவந்த இரவு, டோக்கியோ மனேஜருக்கு "கியோட்டோவுக்கு ஒரு போன் எடு" என்று ஒரு பொத்தான் உண்டு. ப்ரீத்தி வைத்தது. சோதித்துப் பார்த்த ஒருவரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் "பழிவாங்கு" பொத்தானுக்கே பாய்ந்தார்கள். அந்தப் போன் பொத்தானைத் தூக்கிவிடுவோம் என்று வினுஷாவும், கிடக்கட்டும் என்று ப்ரீத்தியும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அது அப்படியே கிடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மெல்பேர்னில் விளையாட்டுகளை வெளியிடும் ஹெலன் என்ற பெண்மணிக்கு "சம்பந்தம்" பிடித்துப்போனது. உலகம் முழுவதும் எல்லாக் கன்சோல்களிலும் வெளியிடலாம் என்றார். கணினிக் கோட் ஒருத்தியுடையது, படம் மற்றவளுடையது, ஆகவே இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஒக்டோபரில் மெல்பேர்னில் நடக்கும் விளையாட்டுக் கண்காட்சியின் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேடையில் அறிவிப்பு. அதற்கு முன் காலையில் எப்போது வேண்டுமானாலும் வந்து கையெழுத்திடலாம், பத்து மணியிலிருந்து கண்காட்சி மண்டபத்துக் கண்ணாடி அறையில்தான் இருப்பேன் என்றார்.

இரண்டு அம்மாக்களுக்கும் செய்தி போனது. மெல்பேர்னின் டான்டினோங்கில் இருந்த வினுஷாவின் அம்மா இராஜேஸ்வரி, என்ன நடந்தாலும் ராகு காலத்துக்கு முதல் கையெழுத்தைப் போட்டுவிடவேண்டும் என்று சத்தியம் வாங்கினார். கோயம்புத்தூரில் இருந்த ப்ரீத்தியின் அம்மா நாகலட்சுமி சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார். பெண்கள் இருவருக்கும் இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவோடு வாதாடுவதற்குப் பதில் ஓம் என்றுவிட்டுப் போவது சுலபம். "ராகு காலத்துக்கு முதல் போட்டிடுவம்" என்று வினுஷா செய்தி அனுப்ப, ப்ரீத்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மணி என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ராகு காலம் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்பார்களா?

கேட்டிருக்கவேண்டும். நாகலட்சுமி வீட்டுச் சுவரில் தொங்கியது நாளொரு தாளாகக் கிழிக்கும் காலண்டர். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை முதல் பன்னிரண்டு, உலகம் எங்கே சுற்றினாலும் அதுதான். இராஜேஸ்வரியின் குசினியில் இருந்தது மெல்பேர்னிலேயே கணித்த காலண்டர். இங்கே சூரியன் உதிப்பதையும், அரசாங்கம் கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைப்பதையும் பார்த்துக் கணித்தது. அதில் அன்றைய ராகு காலம் பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது.

ஆகவே ப்ரீத்தி விடியக்காலை விமானத்தைப் பிடித்துப் பத்து மணிக்கே மண்டபத்தில் நின்றாள். வினுஷாவோ முதல்நாளே வந்து அம்மா வீட்டில் தூங்கி, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, ஆடி அசைந்து ரயில் ஏறி, போனைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்து இன்னொரு தூக்கமும் போட்டாள். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நேரத்துக்கு வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

கண்ணாடி அறைக்குள் ஹெலனும் ப்ரீத்தியும் நின்றார்கள். மேசைமேல் ஒப்பந்தம் விரிந்து கிடந்தது, பேனா மூடியிருந்தது. இருவரும் கைகுலுக்க, ஒரு பையன் படம் எடுத்தான். சுவர்த் திரையில் ப்ரீத்தி வரைந்த "சம்பந்தம்" படம் பெரிதாக ஒளிர்ந்தது. ப்ரீத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வினுஷா கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டாள். கதவைத் தட்டியிருக்கலாம். உள்ளே போய் "என்ன இது?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக ஒரே துரோகக் கதையை மாற்றி மாற்றி எழுதியவளுக்கு வேறெந்தக் கதையும் கண்ணில் படவில்லை. சிக்காகோவேதான் என்று நினைத்தாள். திரும்பி நடந்தாள். கண்ணீர் வந்தது, அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

மண்டபத்தின் மறுகோடியில் சேகரின் கடை இருந்தது. சேகர் சென்னைக்காரர், சிட்னியில் இன்னொரு வெளியீட்டுக் கம்பனி வைத்திருந்தார். படம் வரைய என்னிடம் ஆள் இருக்கிறார்கள், கோட் எழுதுகிற நீங்கள் மட்டும் வாங்க என்று ஆறு மாதமாக வினுஷாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர். அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வியாபாரி. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஐபேடில் ஒப்பந்தத்தைத் திறந்து, விரலால் எழுதவேண்டிய கோட்டை மட்டும் காட்டினார்.

"காபி சொல்லட்டுமா? நீங்க படிச்சுட்டு நிதானமா போடுங்க" என்றார்.

அவள் படித்தாள். அதாவது எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துக் கோட்டின்மேல் விரல் போனது. போன விரல் அங்கேயே நின்றது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு பொல்லாத சந்தேகம் வந்தது. கூட்டாளி ஒரு பக்கம் இருக்க, அதே கண்காட்சியில், ஒரு வார்த்தை சொல்லாமல் மூன்றாவது ஆளோடு உட்கார்ந்திருப்பது யார்? இந்தச் சேகர்தான் ஒல்லாந்துக் கம்பனி என்றால், நான் யார்?

மூன்று வருடமாக அவள் டோக்கியோவாகத்தான் விளையாடினாள். ஒரு தடவைகூடக் கியோட்டோவின் கதிரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்தவனும் இப்படித்தான் ஏமாந்துவிட்டதாக நினைத்திருப்பானோ?

அதற்காக அவள் உடனே மனம் திருந்திவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். சொல்லாமல் போனவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம், நன்றாகத் திட்டிவிட்டு வந்தே கையெழுத்திடுவோம் என்றுதான் பையிலிருந்து போனை எடுத்தாள். எடுத்தால், திரை முழுக்க ப்ரீத்தி. பத்து மணியிலிருந்து விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் செய்திகளும் உண்டு. எங்கே இருக்கிறாய் என்பது முதலாவது. கடைசிச் செய்தியில் நல்ல தமிழ் ஒன்றும் இல்லை.

வினுஷா கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் ப்ரீத்தி.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" குரல் அழுதது போல இருந்தது. "ராகு காலத்துக்கு முன்னாடின்னு நீதானே சொன்ன? பத்து மணிலேர்ந்து நிக்கிறேன். பத்தரை ஆகப் போகுதுன்னு என் கையெழுத்த மட்டும் போட்டேன். உன் இடம் காலியாவே கெடக்கு."

"பத்தரைக்கு என்ன?"

"ராகு காலம்."

"ராகு காலம் பதினொண்டரைக்கெல்லோ?"

 பிறகு ப்ரீத்தி மெதுவாக, உங்கள் ஊரில் ராகுகூட லேட்டாகத்தான் வருவாரா என்று கேட்டாள். வினுஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஐபேடைச் சேகரின் பக்கம் தள்ளிவைத்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேகர், நான் போட்டு வாறன்" என்றாள். அவளுடைய ஊரில் அதற்கு அர்த்தம் போய் வருகிறேன் என்பது. சேகர் எதைப் போட்டுவிட்டு வரப்போகிறாள் என்று புரியாமல் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடி அறைக்கு ஓடிப்போனபோது ப்ரீத்தி வாசலிலேயே நின்றாள். படம் எடுத்தது ஹெலனின் ஏற்பாடு, இரண்டாவது படத்துக்கு உனக்காகத்தான் அந்தப் பையன் காத்திருக்கிறான் என்றாள். வினுஷா எல்லாவற்றையும் சொன்னாள். சேகர், கதிரை, ஐபேட், கோட்டின்மேல் போன விரல், ஒன்றையும் மறைக்கவில்லை. ப்ரீத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் சுண்டியது. கடைசியில் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"போட்டுட்டியா?"

"இல்லை. உன்னைத் திட்டோணும் எண்டு போன் எடுத்தனான்."

"அப்ப அந்தப் போன் பொத்தான் இருக்கட்டும்" என்றாள் ப்ரீத்தி.

உள்ளே போய் வினுஷா பேனாவைக் கையில் எடுத்தபிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம். கோயம்புத்தூர்க் கணக்கில் ராகு காலம் இன்னும் முடியவில்லை. மெல்பேர்ன் கணக்கில் இப்போதுதான் தொடங்கியிருந்தது. இரண்டு அம்மாக்களும் கூடாது என்று ஒத்துக்கொண்ட நேரம் அந்த நாளிலேயே அந்த அரைமணிதான், அதிலேதான் வந்து சரியாக மாட்டியிருந்தார்கள். ஹெலனுக்கு விளக்கிச் சொன்னார்கள். அவர் கவனமாகக் கேட்டார், மரியாதையாகத் தலையாட்டினார், பன்னிரண்டு மணிக்கு மேடை என்பதை மட்டும் மறுபடி ஞாபகப்படுத்தினார்.

வினுஷா ப்ரீத்தியைப் பார்த்தாள். ப்ரீத்தி தோளைக் குலுக்கினாள். வினுஷா கையெழுத்தைப் போட்டாள்.

மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போது அம்மாவுக்குப் போன் எடுத்தாள். பொய் சொல்வதாகத்தான் முதலில் திட்டம். பதினொரு மணிக்கே முடிந்தது என்று சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் காலையிலிருந்து மறைத்ததும் மறைந்ததும் போதும் என்று இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு, ப்ரீத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல ராகு காலத்தில்தான் கையெழுத்துப் போட்டோம் என்று சொல்லிவிட்டாள்.

 அம்மாவின் பின்னணியில் கோயில் மணி கேட்டது.

"எத்தினை மணிக்குப் போட்டனி?"

"பன்னெண்டுக்கு இருபது நிமிசம் இருக்கேக்க."

"அப்ப சரி" என்றார் இராஜேஸ்வரி. "நான் கேரம் டவுன்ஸ் கோயில்ல நிக்கிறன். வெள்ளிக்கிழமை ராகு காலத்திலதானே துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏத்திறது. நீ அங்க கையெழுத்துப் போடேக்க நான் இஞ்ச விளக்கு ஏத்திக்கொண்டு நிண்டிருக்கிறன். ரெண்டு பேரின்ர பேருக்கும் அர்ச்சனையும் செய்விச்சனான். ஐயர் ப்ரீத்திப் பிள்ளையின்ர நட்சத்திரத்தைக் கேட்டார், எனக்குத் தெரியேல்லை. உன்ர நட்சத்திரத்தையே அவளுக்கும் சொல்லிப்போட்டன். பிழையே?"

 ப்ரீத்திதான் குனிந்து, பிழையே இல்லை அன்ரி என்று போனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, என்ன நட்சத்திரம் என்று வினுஷாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஆயிலியம்."

"ஐயையோ, மாமியாருக்கு ஆகாதே. எங்கம்மாகிட்ட சொல்லிடாத, எனக்குக் கல்யாணமே நடக்காது."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் ஹெலன் "சம்பந்தம்" என்று சுத்தமாக உச்சரித்தார், ஒரு மாதமாகப் பழகியிருந்தார் போலும். பிறகு இருவருடைய பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். யார் முதலில் ஏறுவது என்று அவர்கள் பேசிவைக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை வினுஷா நின்று, "நீ போறியோ, நான் போறதோ?" என்று கேட்டாள். ப்ரீத்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள்.