உங்க கடை, உங்க மெஷின்

தன் ஸ்டூலை யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள் என்பது உட்கார்ந்த மறுகணமே ஊசிக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் மேசை நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சோபாவுக்கு உறை தைக்கிறவள் என்பதால் பாதி, வாயைத் திறந்தால் குத்துகிறாள் என்பதால் மீதி.

"யாரு என் ஸ்டூல்ல உட்கார்ந்தது?"

துணி வெட்டுகிற கத்திரி அண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்கென்னம்மா தெரியும்."

காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம்தான் மூடுகிற மனுஷன் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறாரா? அங்கேதான் ஊசிக்குப் பொறி தட்டியது.

யோசிக்க யோசிக்க எல்லாம் கூடி வந்தது. இவள் உள்ளே நுழைந்தால் முதலாளியம்மாவும் கத்திரி அண்ணனும் பேச்சை நிறுத்துகிறார்கள். தியேட்டர் நாற்காலிகளுக்கு உறை தைக்கிற பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, இவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. கேட்டதற்கு, "அது இருக்கட்டும், பார்க்கலாம்" என்று முதலாளியம்மா நழுவிவிட்டாள். கத்திரி அண்ணனின் கொழுந்தியாள் வேறு, 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்' என்று வந்து போனாள். அவளும் தையல்காரிதான். ஆள் குள்ளம். ஸ்டூலை இறக்காமல் அவளால் மெஷினில் உட்கார முடியுமா?

"உங்க மெஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. யாரு கை வச்சாங்களோ" என்று அன்றைக்கு ஊசி சத்தமாகவே சொன்னாள். கத்திரி அண்ணனும் முதலாளியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிதான், கூட்டுக் களவாணிகள்!

ஊசியிடமும் யாருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. தங்கச்சி புருஷன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில், வேறு ஊரில், இவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. தங்கச்சி தினமும் போனில் நச்சரித்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லியாகணும்க்கா. கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி. வர்றவங்ககிட்ட சிரிச்சுப் பேசினா போதும்."

"நான் சிரிச்சா இருக்கிற நோயும் முத்திடும்டி."

"விளையாடாதே. வரியா, வரலையா?"

"தெரியலையே."

நிஜமாகவே தெரியவில்லை. பல் தேய்க்கும்போது போய்விடலாம் என்றிருக்கும். பஸ் ஏறும்போது, பத்து வருஷம் இருந்த இடத்தை விட்டு எங்கே போய் விழுவது என்றிருக்கும். ஒரு வாரமாகத் தூக்கமும் சரியில்லை. இவள் இங்கே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவர்கள் அதற்குள் ஆளை மாற்றப் பார்க்கிறார்களா? இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கடை திறக்கிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்தாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். மாட்டினாயா குள்ளச்சி என்று குனிந்து நுழைந்தாள்.

அவளுடைய ஸ்டூலை இறக்கி உட்கார்ந்திருந்தது முதலாளியம்மா. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் கழிவுத் துணி. தையல் குடிகாரன் நடையாக இப்படியும் அப்படியும் போயிருந்தது.

"நீங்களாக்கா?"

முதலாளியம்மா திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தாள். "பழகிப் பார்க்கறேன்மா. கையே மறந்து போச்சு. நீ போனப்புறம் யாராவது தைக்கணுமே."

"நான் போறேன்னு யாரு சொன்னா?"

"நீதான்."

"நானா? எப்போ?"

"தினமும்தான் சொல்றே. முன்னெல்லாம் நம்ம கடைன்னுவ, நம்ம மெஷின்னுவ. கட்டடக்காரன் வாடகையை ஏத்தினப்போ, 'நம்மளைப் பார்த்தா இளிச்சவாயா தெரியுதா'ன்னு நீதானே சண்டைக்குப் போனே? இப்போ உங்க கடை, உங்க மெஷின், உங்க கஸ்டமர். நேத்துகூட, 'உங்க பாத்ரூம்ல தண்ணி வரலை'ன்னே." சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது. "கத்திரிகிட்ட கேட்டேன். அவரும் கவனிச்சிருக்காரு. போற ஆள் தலையில பெரிய ஆர்டரை எப்படிக் கட்டறது? அவரு கொழுந்தியாளைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவளுக்கு இந்த இடம் பிடிக்கலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?"

'நான் எங்கேயும் போகலைக்கா' என்று சொல்லத்தான் ஊசி வாயைத் திறந்தாள். எவ்வளவு சுலபமான வார்த்தை! அது வரவில்லை. இத்தனை நாளும் அவர்களை வேவு பார்த்தது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. இவர்களே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டால் போய்விடலாம், பழியும் இவர்கள் மேல் போய்விடும் என்று காத்திருந்திருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு! இப்போது தள்ள ஒருவரும் இல்லை. அப்போதும் போகத்தான் வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் மனசில் குழப்பம் துளிகூட இல்லை.

"போறேன்க்கா" என்றாள். "உங்க மேல ஒரு குறையும் இல்லை. அலுத்துப் போச்சு. இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டுத் தைச்சது போதும்னு தோணுது. நாலு மனுஷ முகத்தைப் பார்க்கணும்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி அந்தக் கழிவுத் துணியிலேயே துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள்.

"சரிம்மா. நல்லா இரு."

"தியேட்டர் ஆர்டரை முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்க்கா. நீங்க தனியா இதை..."

"வேண்டாம். நாங்க பார்த்துக்கறோம்."

குத்திக் காட்டுகிறாளோ என்று ஊசி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை, பாவம். வந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். பத்து வருஷமாக 'நாம பார்த்துக்கலாம்' என்று மட்டுமே சொன்ன வாய். முதலாளியம்மா மறுபடி மெஷினில் குனிந்துவிட்டாள்.

ஊசி வெளியே வந்து, ஷட்டர் ஓரத்தில் நின்று, தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"வரேன்னு சொல்லிடு."

"அப்பாடா! நிஜமாவா? ஏய், அழறியா என்ன? யாராவது ஏதாவது சொன்னாங்களாக்கா?"

"நாங்கன்னுட்டாங்கடி" என்றாள் ஊசி.

தங்கச்சிக்கு ஒன்றும் புரியவில்லை.