ஊதினால்தான் கிளம்பும்

ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு ஒன்று கனடா வாழ் தமிழினத்தை உலுக்கிவிட்டதாக, ஊர்ச் சங்கத் தலைவர் செல்வரட்ணம் ஒலிவாங்கியைக் கடிக்காத குறையாக அறிவித்துக்கொண்டிருந்தார். இனத்தை உலுக்கிய பத்மநாதன் மார்க்கம் நகரத்து மரணச்சடங்கு மண்டபத்தில், பட்டுவேட்டியோடு பெட்டிக்குள் கிடந்தார். பார்சல் வான் ஓடியவர். போன கிழமை மாரடைப்பு.

"அன்னார் மதுவை வென்ற மாமனிதர். சுயகட்டுப்பாட்டின் சிகரம்."

முன்வரிசையில் மனைவி யோகமலர் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்ரௌவ்வில் நகரில் இதே செல்வரட்ணம் புதுவீடு குடிபுகுந்த அன்று, இதே செல்வரட்ணம் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வரும்போதுதான் சிகரம் பொலிசில் அகப்பட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது காரில் ஒரு கருவியைப் பூட்டச் சொன்னார்கள். குழாயில் ஊதவேண்டும். மூச்சில் மது இருந்தால் கார் கிளம்பாது. சும்மா ஊதினாலும் ஏற்காது. ஊதும்போதே தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று முனகவும் வேண்டும்.

பத்மநாதன் முனகவில்லை, இராகம் போட்டார். கலியாணமான புதிதில் குளித்துக்கொண்டே பாடியவர். பிறகு போத்தல் வந்தது, பாட்டுப் போனது. இத்தனை வருடம் கழித்து, அவள் அழுதும் வராத குரல் ஒரு கருவிக்குப் பயந்து திரும்பி வந்தது. அதைக் கேட்பதற்காகவே யோகமலர் பின்னேரங்களில் தேவைகளை உண்டாக்கினாள். பாலைச் சிங்கில் ஊற்றிவிட்டு, "பால் முடிஞ்சுதப்பா," என்பாள்.

"நேற்றுத்தானே வாங்கினது? பூனை ஏதும் வளக்கிறீரோ?" என்று புறுபுறுத்தபடி அவர் சப்பாத்தை மாட்டுவார். அவளும் கூடப் போய்க் காரில் ஏறுவாள். எந்த நேரம் கூப்பிடுவாளோ தெரியாது. அதனால் போத்தலைத் தொடாமலும் இருந்தார். கருவியைக் கழற்றிய பிறகு என்ன செய்வார் என்று கேட்க அவளுக்குப் பயமாயிருந்தது. கேட்க முதலே அவர் போய்விட்டார்.

நாளைக்குக் கருவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே சுடலைக்கு அந்தக் காரில்தான் போவதென்று அவள் முடிவெடுத்திருந்தாள். காலையில் மகன் பிரசாந் அதில்தான் அவளைக் கூட்டிவந்தான். ஃப்ரிட்ஜ் இரைவதுபோல முனகினான், என்றாலும் கிளம்பியது. இப்போது கொள்ளி வைக்கிறவன் என்று அவனைப் பிரேத வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"என்ர காரில வாருங்கோ தங்கச்சி," என்றார் செல்வரட்ணம்.

"நான் இவற்ற காரிலதான் வருவன். ஆராவது ஓடுங்கோ."

"தள்ளுங்கோ, நான் ஓடுறன்," என்று அவளுடைய தம்பி ஜனார்த்தன் ஏறி ஊதினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"காலமை மவுத்வோஷ் பாவிச்சனான் அக்கா."

"ஐஸ் போட்டோ?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அன்ரனெற்.

செல்வரட்ணம் அவனை இறக்கிவிட்டு, தலைமையுரைக்கு எடுக்கும் மூச்சை எடுத்து ஊதினார். சிவப்பு. அவருக்குச் சளியாம். சங்கப் பொருளாளருக்குச் சீனி வருத்தக் குளிசையாம். சுயகட்டுப்பாட்டைப் புகழ்ந்த அந்த உரைக்கு முன்பு, கார் நிறுத்துமிடத்தில், கோப்பிக் கோப்பைகளில் எல்லோரும் துக்கத்தை ஆற்றியிருந்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் கார்களில் ஏறினார்கள். அவை மரியாதை தெரிந்த கார்கள்; யாரையும் எதுவும் கேட்கவில்லை. உடனே கிளம்பி, பிரேத வண்டிக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

"அக்கா, நேரமாகுது. பிடிவாதம் பிடியாதேங்கோ," என்று ஜனார்த்தன் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டான்.

யோகமலர் சாரதி இருக்கையில் ஏறினாள். அது அவருடைய காலுக்கு அளவாகப் பின்தள்ளிக் கிடந்தது, முன்னுக்கு இழுக்கவில்லை. எல்லோரும் வாய்வைத்த குழாயைக் கழற்றி எறிந்தாள். கையுறைப் பெட்டிக்குள் அவருடைய பழைய குழாய் இருந்தது. நுனியில் பல் பதிந்த அடையாளம். துடைக்காமல் மாட்டி, வாயில் வைத்து ஊதினாள். இராகம் தானாக வந்தது. அவர் நடுவில் இழுக்கும் இடத்தில் அவளும் இழுத்தாள்.

பச்சை எரிந்தது. சாவியைத் திருப்ப, கார் உறுமியது.

வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரனெற் மறுபக்கத்தால் ஏறி, பெல்ற் போட்டு, "ம், எடும்," என்றாள்.

யோகமலருக்குக் கார் ஓடத் தெரியாது.