குமுதாவின் நடுக்கம்

குமுதா நடுங்கிக்கொண்டே பிறந்தாள். பன்னிரண்டாம் நாள் அவள் உடம்பு நடுக்கம் நின்றது. அன்றே தேயிலைத் தோட்டத்து மூன்றாம் லயத்தில் சாமான்கள் நடுங்க ஆரம்பித்தன. பிள்ளையைச் சுற்றிப் பத்தடிக்குள் எது இருந்தாலும் ஆடியது. சட்டி ஆடியது, காலண்டர் ஆடியது, கொடியில் கிடந்த சட்டை காற்றில்லாமல் கையை உதறியது. மனேஜர் வந்து பார்த்து, நிலச்சரிவு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

பூசாரி மாடசாமி பிள்ளையைத் தூக்கியபோது அவர் கையிலிருந்த வேப்பிலை படபடத்தது. "ஆத்தா இறங்கியிருக்கா. சந்தேகமே வேணாம்லா" என்றார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் குமுதா மாரியம்மன் கோயிலில் உட்கார்த்தி வைக்கப்பட்டாள். தொடாமலே மணிகள் அடித்தன. பக்கத்து ஊர்களான ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் லோரி பிடித்து வந்தார்கள். சாமி எப்போது நடக்கும், எப்போது பேசும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டரை வயதில் நடந்தாள். நாலு வயதுக்குமேல்தான் முதல் வார்த்தை சொன்னாள். உறுமி கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அலறலை எண்ணி லாட்டரிக்கு நாலு நம்பர் எடுத்தார்கள். ஒருவனுக்குப் பரிசு அடித்தது. கூட்டம் இரண்டு மடங்கானது.

அம்மா வசுமதிக்குக் காரணம் தெரியும். வயிற்றுப்பிள்ளையோடு காலையில் கொழுந்து பறித்து, சாயங்காலம் கோலா தெர்லா காய்கறிக் கொட்டகையில் முட்டைக்கோஸ் மூட்டை கட்டப் போனாள். தூக்கம் வராமலிருக்க அங்கே குதிரை மாத்திரை கொடுத்தார்கள். முதலில் சத்து மாத்திரை என்று நினைத்தாள். போதை மாத்திரை என்று தெரிந்தபின் விட முடியவில்லை. எட்டாம் மாதம்வரை விழுங்கினாள். போலீஸ் வரும், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஆஸ்பத்திரியில்கூட வாய் திறக்கவில்லை.

ஏழு வயதில் குமுதாவால் பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிடம் உட்கார முடியவில்லை. சிறப்பு வகுப்பில் சேர்க்க டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். கர்ப்பத்திலிருந்து எல்லாவற்றையும் டாக்டர் கேட்பார் என்றும் சொன்னார்கள். மாடசாமி விடவில்லை. "சாமிய யாராச்சும் கிளினிக்கு கொண்டுபோவாங்களா? தோட்டத்து மானம் போயிரும்."

அந்த வெள்ளிக்கிழமை உறுமிச் சத்தம் தாங்காமல் குமுதா தன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. முன்வரிசையில் நின்ற பெண் அதை விரலால் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்தவர்களும் விரலை நீட்டினார்கள்.

வசுமதி பிள்ளையைப் பிடுங்கினாள். "தொடாதீங்கடி! அது ஆத்தா இல்ல, நான் முழுங்குன குதிரை மாத்திரை!"

உறுமி நின்றது. மணிகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. பொட்டு வைத்தவள் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டாள். மாடசாமி வேப்பிலையை நழுவவிட்டார். கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்போ எனக்கு அடிச்ச நம்பர யாருலா கொடுத்தது?"

டாக்டரிடம் வசுமதி மாத்திரையின் நிறம்வரை சொன்னாள். எல்லாம் அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சத்தமில்லாத இடத்தில் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தால் படிப்பாள் என்றார் அவர். குழந்தை நல அதிகாரிகள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. லயத்தில் ஒரு வருடம் யாரும் வசுமதியோடு பேசவில்லை.

ரிங்லெட்டில் சிறப்பு வகுப்பு ஆசிரியை எதுவும் விசாரிக்கவில்லை. மேசைக் கால்களை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். 'அ' எழுதப் பதினான்கு மாதம் ஆனது. தாளில் அந்த எழுத்து ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.