ஓசிக் கட்டில்

எட்டு மாதமாகத் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள் அவள். வீட்டில் அவளுக்கு டிகிரி என்று பெயர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவள் என்பதால் மாமா கேலியாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. “டிகிரி வர்றாங்க, எல்லாரும் எந்திரிங்கப்பா” என்பார். அவள் வேலையை உதறிவிட்டு முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, “படிக்க வெச்சதுக்கு நல்லாவே சுத்துறாக்கா உன் பொண்ணு, பம்பரம் மாதிரி” என்று அம்மாவின் காதில் ஓதியதும் அதே மாமாதான்.

கையில் பெரிதாகக் காசு கிடையாது. ஆனால் வழி இருந்தது. பயணிகள் தங்கும் மலிவு விடுதிகளில் தினமும் காலையில் நாலு மணி நேரம் வேலை செய்தால் தூங்க ஒரு கட்டில் ஓசி, காலைச் சாப்பாடும் ஓசி. சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஒரு விடுதியில் ஒரு மாதம், பிறகு அடுத்த ஊர், அடுத்த விடுதி. இதையெல்லாம் ஃபோனில் எழுதிப் போடுவாள். “உலகம் பார்க்கப் பணம் தேவையில்லை, சோம்பேறித்தனம் இல்லாமல் இருந்தால் போதும்” என்று அவள் எழுதிய பதிவை ஆயிரக்கணக்கான பேர் படித்துப் பாராட்டியிருந்தார்கள். உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது அவளுக்கு. எந்தெந்த விடுதி, யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் கீழே பட்டியல் போட்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொரு விடுதியையும் அதில் சேர்த்துவந்தாள். நாலு பேருக்குப் பயன்படட்டுமே.

இது ஒன்பதாவது விடுதி. மூன்று மாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய நாற்பத்திரண்டு கட்டில். விரிப்பு மாற்றுவது, தலையணை உறை மாற்றுவது, குளியலறை கழுவுவது இவைதான் வேலை. டிகிரிக்குக் கட்டில் விரிப்பது கைவந்த கலை. மெத்தையின் மூலையில் விரிப்பைத் தூக்கி, ஒரு முக்கோணம் மடித்து, அடியில் செருகி, உள்ளங்கையால் ஒரே இழுப்பு. ஒரு சுருக்கம் இருக்காது. அவளுடைய அம்மா ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்பவள். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் டிகிரி வளர்ந்தது அந்த லாட்ஜ் அறைகளில்தான். எட்டு மாதத்தில் ஊரைப் பற்றி, மழையைப் பற்றி, தன் தைரியத்தைப் பற்றியெல்லாம் எழுதியவள் இதை மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

விடுதியில் ஏற்கெனவே ஒரு அக்கா இருந்தார். ஒன்பது வருடமாக மூன்று மாடியும் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் மாடி அக்கா. டிகிரி வந்த முதல் நாளே அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் மடித்த மூலையை உற்றுப் பார்த்தார்.

“ஏம்மா, நெசமாவே படிச்ச பொண்ணா நீ?”

“ஏன்க்கா, பாத்தா தெரியலையா?”

“மூஞ்சி படிச்ச மூஞ்சிதான். கைதான் இடிக்குது. இந்த மூலை படியறதுக்கு எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. எந்தக் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?”

“வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்க்கா.”

சொல்லிவிட்டாள். நாக்கு ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. மாடி அக்கா அவளையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்ல வீடியோதான்” என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மூன்று வாரம் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறும்போது மாடி அக்கா தங்கிப் போனவர்களைப் பற்றிச் சொல்லாத கதை இல்லை. “இந்தக் கட்டில்ல படுத்தவன் துண்ட விட்டுட்டுப் போனான், அந்தக் கட்டில்காரன் பல்லையே விட்டுட்டுப் போனான்மா, பல்செட்டு!” என்பார். டிகிரி விழுந்து விழுந்து சிரிப்பாள். வேலை சீக்கிரம் முடிந்தது. அதை மேனேஜரும் கவனித்தார் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. படித்த மூளைக்கு அது எட்டவில்லை.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை மாடி அக்கா மேலே வரவில்லை. டிகிரி தேடிக்கொண்டு இறங்கினாள். துணி துவைக்கும் அறையில் அவர் தன் பழைய செருப்பையும் டீ குடிக்கும் டம்ளரையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, லீவா?”

“லீவுதான். இனிமே எல்லா நாளும் லீவு.” பையின் வாயை முடிச்சுப் போட்டார். “ஓசியில செய்யறதுக்கு ஆளுங்க வரிசையில நிக்கறப்போ உங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டாரு மேனேஜரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உனக்குத் தெரியுமா?”

டிகிரி நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

“வாங்க வாங்க! எல்லாம் உங்க பதிவோட மகிமைதான். நம்ம விடுதி பேரையே போட்டு எழுதிட்டீங்களே! ஏழு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தங்க இன்னைக்கு மத்தியானமே வர்றாங்க.”

“அக்காவ திரும்ப எடுத்துக்கோங்க சார். நான் கிளம்பிடறேன்.”

“தாராளமா கிளம்புங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க கட்டிலுக்கும் ஆள் இருக்கு.”

அங்கேயே நின்று ஃபோனை எடுத்து அந்தப் பதிவை அழித்தாள். அழித்து என்ன புண்ணியம்? அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்கே தெரியாது. தேடித் தேடி வந்து ஒரு பொம்பளையின் வயிற்றில் அடித்திருக்கிறாள். அதுவும் தன் அம்மா செய்கிற அதே வேலையில் இருக்கிற பொம்பளை. இந்த வேலையை ஓசிக்குச் செய்ய அம்மாவால் ஒருநாள் கூட முடிந்திருக்காது. இவளால் முடிந்தது. அம்மா கட்டில் விரித்துப் படிக்க வைத்ததால்தான் முடிந்தது.

திரும்பி வந்தபோது மாடி அக்கா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டல்ல ஆள் எடுக்கறாங்களாம். முன்ன வேலை பாத்த எடத்துலேருந்து கடிதம் வேணுமாம். நீதான் படிச்சவளாச்சே, உருப்படியா ஒண்ணு எழுதிக் குடு. மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கித் தா.”

விடுதியின் பெயர் அச்சடித்த தாளில் டிகிரி எழுதினாள். இன்னார் இங்கே ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தார். வேலையில் சுத்தம், நேரம் தவறியதில்லை. ஒரு பொருள் காணாமல் போனதில்லை. மூன்று வரி. மேனேஜர் படித்துப் பார்த்து, நாலாவது வரி ஒன்று வேண்டும் என்றார்.

“சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்னு போடுங்க. நாளைக்கு இதக் காட்டி நஷ்டஈடு, அது இதுன்னு கேட்டு வந்து நின்னாங்கன்னா? அது இல்லாம கையெழுத்து கிடையாது.”

கல்லூரியில் உழைப்பவர் உரிமை என்று மேடை ஏறிப் பேசிக் கோப்பை வாங்கியவள் அவள். வாய்க்கு வந்தபடி நாலு கேட்டிருக்கலாம். கேட்டால் கடிதம் போய்விடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வரியை எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது.

“படி, கேப்போம்” என்றார் மாடி அக்கா.

படித்தாள். பொருள் காணாமல் போனதில்லை என்பதோடு நிறுத்தினாள்.

மாடி அக்கா தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். “நாலு இருக்கு. நீ மூணுதான் படிச்ச. எழுத்துதான் எனக்குத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒன்பது வருஷம் தலகாணி உறை எண்ணினவ.”

டிகிரி நாலாவது வரியையும் படித்தாள். திரும்பப் படிக்கச் சொன்னார். திரும்பப் படித்தாள்.

“என் விருப்பமா?” என்றார் மாடி அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சரி. ஓட்டல்காரனுக்கு இது போதுமா?”

“போதும்க்கா.”

“அப்ப குடு.” தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பையைத் தூக்கினார். வாசல்படியில் நின்று திரும்பினார். “அந்த மூலை மடிப்பு. அது வீடியோ இல்லதானே?”

“இல்லக்கா. எங்கம்மா.”

“முதல் நாளே தெரியும். வீடியோ பாத்த கை அப்படி இழுக்காது. அம்மாவுக்கு என்ன வயசு?”

“அம்பது.”

“எனக்கு நாப்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிகிரி தன் பையைக் கட்ட மேலே ஏறினாள். மேல்மாடியில் பாதிக் கட்டில்களில் அழுக்கு விரிப்புகள் உருவப்படாமல் கிடந்தன. பெரிய பையோடு ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். மத்தியானம் வருவதாகச் சொன்னவள்.

“ஐயோ, நீங்களா அது! உங்க பதிவு படிச்சுதான் அக்கா வேலைய விட்டுட்டே கிளம்பினேன்!” பையை இறக்கி வைத்த கையோடு வெறும் மெத்தைமேல் இருந்த ஒரு சலவை விரிப்பின் முனையைப் பிடித்தாள். “சொல்லிக் குடுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?”

“இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஒரு அக்கா இருந்தாங்க” என்றாள் டிகிரி. “இன்னைக்குக் காலையில வரைக்கும்.”

“அச்சச்சோ, பாவம்” என்றாள் வந்தவள், முனையை விடாமல்.

எதிர்முனையை யாராவது பிடித்துத்தானே ஆக வேண்டும். டிகிரி பிடித்தாள். பழக்கதோஷம், கை தானாக முக்கோணம் மடித்து, அடியில் செருகி, ஒரே இழுப்பாக இழுத்தது.

“எவ்ளோ அழகா இருக்கு! எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்கம்மாகிட்ட. லாட்ஜ்ல கட்டில் விரிக்கிறாங்க. முப்பது வருஷமா. சம்பளத்துக்கு.”

அம்மாவின் வேலையை எட்டு மாதத்தில் முதல்தடவை வாய்விட்டுச் சொன்னாள். வந்தவள் “ஓ!” என்று நெகிழ்ந்துபோய், அந்த மூலையைப் படம் பிடிக்க ஃபோனை நீட்டினாள். அவள் விரல் பொத்தானைத் தொடுவதற்குள் டிகிரி விரிப்பை மொத்தமாக உருவி எடுத்துவிட்டாள்.