சோக்லியின் அட்டையில் இரண்டாவது குறி

1
இந்தக் கதை என்னுடையது இல்லை. கம்போடியாவின் புனோம் பென்னில் ஒரு தையல் ஆலை வாசல், நூடுல்ஸ் கடை, மதியம் மூன்றரை. எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் மாலிஸ் சொன்ன கதை, நான் சுட்டுவிட்டேன். அவள் கிண்ணத்தைத் தொடவேயில்லை. கண் முழுக்க ஆலைக் கதவில்.

முதல் வரியாக ‘அந்தத் தெருநாய்…’ என்று எழுதி அடித்தேன். நாயில் தொடங்கினால் பழியெல்லாம் நாய்மேல் போய்விடும்.

2
நாய் கடிக்கும் முன்பே போட்டு வைக்கிற வெறிநோய்த் தடுப்பூசிக்கு அங்கே மூன்று முறை வரச்சொல்வார்கள். இரண்டே முறை போதுமா என்று ஒரு சோதனை நடந்தது. மூன்றாம் முறை வராமல் போனவர்களை நிறையப் பார்த்தவள் மாலிஸ். அவளுக்கு இந்தச் சோதனை என்றால் உயிர். தையல்காரி சோக்லியைப் பேசிப் பேசிச் சேர்த்ததும் அவள்தான். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. அட்டையில் இரண்டு குறி, இரண்டுக்கும் மாலிஸின் கையெழுத்து.

(சோக்லியை அழகியாக்கலாமா? சே, அழகி கடிபட்டால்தான் பதறுவீர்களோ?)

3
நான்கு மாதம் கழித்து, நேற்று, ஒரு தெருநாய் சோக்லியின் கன்னத்தைக் குதறியது. அட்டையைக் காட்டினாள். முன்பே போட்டவளாயிற்றே, சின்ன ஊசி போதும். முன்பே முழுசாகப் போடாதவர்களின் உயிரைக் காக்கக் காயத்துக்குள் ஏற்றும் மருந்து இவளுக்கு வேண்டாம். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டாள் மாலிஸ்.

இன்று காலை சோக்லியின் தங்கை நாரி, அக்கா மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க மருத்துவமனைக்கு வந்தாள்.

“அன்னிக்கு நீங்க குத்தினது ரெண்டு நாள் வலிச்சுதுக்கா.”

“உனக்கு நான் எங்கடி குத்தினேன்?”

“ஏழாம் நாள் அவளுக்கு லீவு குடுக்கலை. ஊசி வீணாப் போகுமேன்னு அவ அட்டையோட நான் வந்தேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, யாருக்குப் போட்டா என்ன?”

“அடிப்பாவி! உங்கக்கா எங்கே?”

“ஆலையில. உள்ள போன் கூடாது.”

அந்த ஏழாம் நாள் கூட்டத்தில் மாலிஸ் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் சோக்லியின் இரண்டாவது குறியை அடித்து, நடந்ததை எழுதி, டாக்டரிடம் கொடுத்துவிட்டு நாரியோடு ஆலைக்கு ஓடிவந்தாள். காவலாளி உள்ளே விடவில்லை.

4
முடிவு ஒன்று: காவலாளி மனமிரங்கி… (அவனாவது, இரங்குவதாவது!)

முடிவு இரண்டு: சோக்லிக்கு ஒன்றும் ஆகவில்லை, சோதனையும் வென்றது. (இதை எழுதக் கை துடிக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு மூன்று: தண்ணீர்க் குவளையைக் கண்டதும் அவள்

மாட்டேன்.

“எப்படி முடிக்கட்டும் மாலிஸ்?” என்றேன்.

“முடிவு கெடக்கட்டும்யா. முகத்தைப் பாக்கலைன்னு எழுதினியா?”

எழுதிவிட்டேன். நான்கு மணி. கதவு திறக்கிறது. எண்ணூறு பெண்கள், எண்ணூறு பேருக்கும் முகக்கவசம். கன்னத்துக் கட்டு வெளியே தெரியாது. மாலிஸ் நடுவே நின்று ஒவ்வொருத்தியையும் நிறுத்திக் கவசத்தை இறக்கச் சொல்கிறாள். இரண்டாவது வாசலும் உண்டு என்று இப்போதுதான் நாரி கத்துகிறாள்.

அங்கே நீங்கள் போங்கள்.