ரப்பர் இல்லாத சாக்கெட்

முனிராஜ் எப்போது வந்தாலும் ஹாரனை அலறவிட்டபடிதான் ஹெப்பகோடி மேம்பாலத்தடி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைவான். அன்று மத்தியானம் அவன் ஹாரன் அடிக்கவில்லை. கார்தான் திக்கித் திணறிக்கொண்டு வந்து நின்றது. மெக்கானிக் பெர்னார்ட் எழுவதற்குள் முனிராஜ் இறங்கி, அவர் சட்டைப் பையிலிருந்த போனை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"ஸ்பார்க் பிளக் போயிருக்கு அண்ணா. நாலையும் மாத்து. பேக பேக, சீக்கிரம்."

பின்சீட்டில் அவன் ஆள் கோவிந்தப்பா ஒருவனின் தலையை முட்டிகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்திருந்தான். கைகளைப் பின்னால் டேப் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வாயெல்லாம் ரத்தம், ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. பெர்னார்டுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எதிர் பேக்கரியில் தினமும் பன் தின்ன வரும் கூரியர்க்காரன் முகேஷ்.

"ஸ்னேஹாவைக் கட்டிக் குடுன்னு எங்க வீட்டுக்கே வந்து கேட்கிறான். என் தங்கச்சியை. அத்திபெலே தாண்டி ஒரு குவாரி இருக்கு. பதிலை அங்க சொல்லிடலாம்னு கூட்டிட்டுப் போறேன்."

பெர்னார்ட் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தார். "இன்ஜின் கொதிக்குது முனி. ஆறட்டும். இப்பக் கழட்டினா மரை உருவிக்கும்" என்றார். பொய்யில்லை, ஆனால் நேரம் கடத்தத்தான் சொன்னார்.

முனிராஜ் அவர் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பானெட்டில் மோதினான். பல் ஒன்று உடைந்தது. "ஆறணுமா?" என்று கேட்டு இன்னொரு தரம் மோதினான்.

டூல் பெட்டியைத் திறந்தார். பிளக் கழற்ற ஒரு நீள சாக்கெட் உண்டு. அதற்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானை அது சாயாமல் பிடித்துக்கொள்ளும். வளையம் இல்லாமல் கோணலாக முறுக்கினால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. பெர்னார்ட் அடுத்த பெட்டியிலிருந்த, வளையம் இல்லாத மொட்டை சாக்கெட்டுக்குத்தான் கையை நீட்டினார்.

"அது வேணாம். ரப்பர் போட்டதை எடு" என்றான் முனிராஜ். வருஷக்கணக்காக இங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையை வேடிக்கை பார்த்தவனாயிற்றே, சனியன், இதையா கற்றுக்கொள்ள வேண்டும்! "ஏமாத்தினே, உன்னையும் டிக்கியில போட்டுட்டுப் போவேன்."

ரப்பர் போட்டதையே எடுத்துக் காட்டினார். நாலு பழைய பிளக்கையும் ஒழுங்காகக் கழற்றினார். பிறகு ரத்தம் துடைப்பதுபோலத் திரும்பி, கட்டைவிரல் நகத்தால் வளையத்தைக் கிளப்பி எடுத்து, வாய்க்குள் போட்டுக்கொண்டார். உடைந்த பல்லில் அது பட்டதும் உயிர் போய் வந்தது.

"முடிஞ்சிடுமா?" என்று முனிராஜ் கேட்டான். வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? தலையை ஆட்டினார். வாயைத் திறந்து சொல்லவில்லையென்று விலாவில் ஓர் உதை விழுந்தது.

புதுப் பிளக்குகளை இறக்கினார். முதலாவதை முறுக்கும்போது கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தார். உள்ளே பீங்கான் முறிவது விரலுக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாவதையும் அப்படியே செய்தார். முப்பது வருஷத்தில் தெரிந்தே கெடுத்த வேலை இது ஒன்றுதான். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

முனிராஜ் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்தான். இன்ஜின் சுத்தமாகப் பாடியது. அந்த மடையனுக்கு அது போதும். பாரம் இழுத்து மேடு ஏறும்போதுதான் விரிசலில் கரண்ட் கசிந்து இன்ஜின் வெட்டி வெட்டி இழுக்கும் என்பதை ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

இறங்கி வந்தவன் பெர்னார்டின் இடது கையை இழுத்து வைத்து, அதன்மேல் பானெட்டை அறைந்து சாத்தினான். "யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அடுத்தது தலை." இரண்டு விரல்கள் நசுங்கின. ரப்பரைக் கடித்துக்கொண்டு பெர்னார்ட் சத்தத்தை விழுங்கினார்.

கார் மேம்பாலம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அது நிற்காமல் போய்விட்டால் அந்தப் பையனைத் தன் கையாலேயே குவாரிக்கு அனுப்பியதாகிவிடுமே. பாதி மேட்டில் ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. கார் குலுங்கித் தவழ்ந்து நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

பெர்னார்ட் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார். வலது கையில் வீல் ஸ்பானர் இருந்தது. எடுத்தது அவருக்கே நினைவில்லை.

கோவிந்தப்பாவை உதைத்துக் கதவைத் திறந்துகொண்டு முகேஷ் ரோட்டில் விழுந்தான். கட்டிய கையோடு எழ முடியவில்லை. முனிராஜ் சீட்டுக்கடியிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஓங்கிய கை கீழே வருவதற்குள் மணிக்கட்டில் ஸ்பானர் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் பஸ் வரைக்கும் கேட்டிருக்கும். முட்டியில் இன்னொன்று போட்டார், ஆசை தீர. பஸ்ஸிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். கோவிந்தப்பா கைப்பிடிச் சுவரோரமாக ஓட்டம் பிடித்தான்.

விழுந்து கிடந்த முனிராஜின் முகத்துக்கு நேரே பெர்னார்ட் வாயிலிருந்ததைத் துப்பினார். ரத்தத்தோடு ஒரு கருப்பு வளையம் தாரில் உருண்டு நின்றது. முனிராஜ் அதைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

பெர்னார்ட் அவன் பக்கமே திரும்பவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, நசுங்காத கையால் முகேஷின் மணிக்கட்டில் டேப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தார்.